வியாழக்கிழமைப் படம்

போன கிழமை பதுளைக் காரியாலயத்திலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அங்கிருந்து வரும் அழைப்புகள் இரண்டே வகை. ஒன்று, பழைய கடவுச்சொல் ஏதாவது வேண்டும் என்பார்கள். இல்லாவிட்டால் யாராவது இறந்திருப்பார்கள். இது இரண்டிலும் சேரவில்லை. என் இடத்தில் இப்போது இருக்கும் தம்பி பேசினார்.

"அண்ணே, நெட்வேர்க்க ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி தோட்டத்துக்குப் போன் போட்டு, கொழுந்து நிறுத்து முடிஞ்சிருச்சான்னு கேக்கணும்னு ஒரு விதி இருக்கே, அது என்னத்துக்கு? புது சொஃப்ட்வெயார் எல்லாத்தையும் தானா பாத்துக்குது. அதத் தூக்கிரலாமா?"

தூக்கிவிடுங்கள் என்றுதான் சொன்னேன். காரணம் சொல்ல அலுப்பாக இருந்தது. முழங்கால் வலி, மழை, வீட்டில் வேறு கரண்ட் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. அந்த விதியை எழுதியவரும் இப்போது இல்லை. எழுத வைத்த பெண் எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது. மிச்சம் இருப்பது நான்தான். சரி, எழுதியாவது வைப்போம்.

தேயிலைத் தோட்டங்களைக் கம்பனிகள் எடுத்து நடத்தத் தொடங்கிய தொண்ணூறுகளின் முதற்பாதியில், ஒரு கம்பனியின் பதுளைக் காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத் தொழிலாளரின் வரவு விவரங்களைக் கணினியில் ஏற்றுவது வேலை. பியூஸ் மாற்றத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் கணினி பழுது பார்ப்பவனாகவும் ஆக்கிவிட்டார்கள். பயிற்சி என்று சொன்னால் அதுதான் பயிற்சி. இடி விழுந்தால் மோடம் போய்விடும். மோடம் போனால் நான் போக வேண்டும். பெரகலைச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றே என் இளமை கழிந்தது என்று மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி பசறை பஸ்ஸில் கழிந்தது.

எனக்கு மேலதிகாரியாக வந்தவர் சபாநாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்து, கொழும்பில் சில காலம் இருந்து, கம்பனியின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாகப் பதுளைக்கு வந்தவர். மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டியிருப்பார். யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று நினைக்கும்படி பார்ப்பார். தேநீருக்குச் சீனி போடமாட்டார். மலைநாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் குளிர் பழகவில்லை என்று தினமும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கணினிக்கு ஒரு கட்டளையை அடித்து முடித்தால் உடனே என்டர் விசையைத் தட்டக் கூடாது. கையை எடுத்து மடியில் வைக்க வேண்டும். அடித்ததை வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் என்ன செய்யச் சொல்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் தலையாட்டிய பிறகுதான் தட்டலாம்.

"வாசியும்," என்பார். வாசித்தால், "இதை ஆரிட்டக் கேக்கிறீர்? அவன் என்ன செய்து கொண்டிருப்பான் எண்டு தெரியுமோ?" என்பார்.

ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய கரைச்சலாக இருந்தது. பூசை மந்திரமா, வாய்விட்டுச் சொல்ல? காரியாலயத்தில் மற்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் அவர் தனியாக இருக்கும்போதும் அப்படித்தான் செய்வார். கதவுக்கு வெளியே நின்றால் அவர் தன் கட்டளையைத் தனக்கே வாசிப்பது கேட்கும். அதைக் கேட்ட பிறகு நான் முணுமுணுப்பதை விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தோட்டங்களெல்லாம் ஒரே வலைப்பின்னலில் சேர்ந்தன. மலை உச்சிகளில் கம்பங்கள் நட்டு, ரேடியோ இணைப்பு வந்தது. எந்தத் தோட்டத்தில் எந்தக் கணினி இருக்கிறது, யார் புதிதாக எதைக் கொண்டுவந்து செருகினார்கள் என்று பார்ப்பது எங்கள் தலையில் விழுந்தது. அதற்கு என்மேப் என்ற ஸ்கேனர் இருந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் ஒவ்வொரு காம்பராவாக, அறை அறையாகக் கதவைத் தட்டி, யார் குரல் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது போன்ற வேலை அது. மெதுவாகத் தட்டலாம், பலமாகவும் தட்டலாம். உள்ளே போய், நீ யார், உன் ஊர் எது, என்ன சமைக்கிறாய் என்றும் விசாரிக்கலாம். எல்லாம் நாம் கொடுக்கும் கட்டளையைப் பொறுத்தது. கறுப்புத் திரையில் அடிப்போம், வாசிப்போம், தட்டுவோம்.

பிறகு அதே ஸ்கேனருக்கு ஒரு ஜன்னல் வந்தது. ஜென்மேப் என்று பெயர். மேலே ஒரு பெட்டியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதினால் போதும். பக்கத்துப் பட்டியலில் எப்படிப் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். மெல்லிய சோதனை, விரைவுச் சோதனை, தீவிரச் சோதனை என்று அவர்களே பெயர் வைத்துத் தந்திருந்தார்கள். தேர்ந்தெடுத்தவுடன் கட்டளையை அதுவே எழுதிக்கொள்ளும். ஸ்கேன் என்ற பொத்தானை அமுக்கினால் முடிந்தது. அதோடு படம் ஒன்றும் போட்டுத் தரும். நடுவில் நாங்கள், சுற்றிச் சுற்றி வட்டங்கள், வட்டத்தின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தோட்டத்துக் கணினிகள். சுட்டியால் இழுத்தால் எல்லாம் ராட்டினம்போலச் சுற்றும். உண்மையைச் சொன்னால் எனக்கு அதைப் பிடித்திருந்தது. அவ்வளவு காலம் கறுப்புத் திரையைப் பார்த்த கண்ணுக்கு அது ஆறுதல்.

சேர் அதைப் பார்த்துவிட்டு, "படம் வடிவாத்தான் இருக்கு," என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் படம் எப்படியோ கொழும்புத் தலைமைக் காரியாலயத்தின் கண்ணில் பட்டுவிட்டது. வியாழக்கிழமைகளில் அங்கே கூட்டம். கூட்டத்துக்கு இந்தப் படம் கலரில் வேண்டும் என்றார்கள். நாங்கள் மெல்லிய சோதனையில் எடுத்து அனுப்பினோம். புள்ளிகள் மட்டும் இருப்பது போதாதாம். எந்த இயந்திரம், எந்த மென்பொருள், என்னென்ன கதவு திறந்திருக்கிறது என்று எல்லாம் படத்தில் வர வேண்டுமாம். அப்போது சேர் பட்டியலில் தீவிரச் சோதனையைத் தேர்ந்தெடுத்தார். அன்றிலிருந்து வியாழக்கிழமை காலையில் படம் எடுப்பது அவருடைய வேலை. மேசைக்கு வருவார், பொத்தானை அமுக்குவார், பிறகு மற்றக் கடிதங்களைப் பார்ப்பார். வாசிக்கிற சத்தம் கேட்காது. கட்டளையைப் பெட்டியே எழுதும்போது வாசிக்க என்ன இருக்கிறது?

அதே காலத்தில்தான் பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் இலத்திரனியல் தராசு வைத்தார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எங்கள் கம்பனியில் அப்படிப்பட்ட தராசு அது ஒன்றுதான், பரீட்சார்த்தமாக. கொழுந்து மடுவத்தில், அதாவது பெண்கள் பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கும் கொட்டகையில், தராசோடு ஒரு சின்னத் திரைப்பெட்டி. சாக்கை வைத்தால் கிலோ விழும். கிலோ அப்படியே கம்பி வழியாகக் காரியாலயத்துக்குப் போகும்.

தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இதன் அருமை விளங்காது. பழைய கைத்தராசில் நிறுத்தால் சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. நிறுக்கிறவரின் மனம் போல இன்னொரு கழிவு. கேட்டால் வாயை மூடு என்பார்கள். புதுப் பெட்டியில் சாக்குக்கு மட்டும்தான் கழிவு, அதுவும் எல்லோருக்கும் ஒன்று. பெண்களே திரையைப் பார்த்துத் தங்கள் கிலோவைச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பெட்டியை இயக்க நியமிக்கப்பட்டவள் ஜெசிந்தா. அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள். உயர்தரம் படித்து, பதுளையில் கணினி வகுப்புக்குப் போய், தாய் கொழுந்து எடுக்கும் தோட்டத்திலேயே உத்தியோகம் வாங்கினவள். அவளுடைய அம்மா லூர்துமேரி அதே மடுவத்தில் மற்றப் பெண்களோடு வரிசையில் நிற்பார். லயத்துப் பிள்ளை ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து கிலோ சொன்னது அங்கே அதுதான் முதல் தடவை. தேவாலயத்தில் அவளுக்காகத் தனியாகப் பூசை வைத்தார்கள் என்று கேள்வி.

சில வாரங்களில் பெட்டி நிற்கத் தொடங்கியது. வாரத்தில் ஒரு நாள், காலை நிறுவையின்போது திடீரென்று திரை உறைந்துவிடும்; அது எந்த நாள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. என்ன செய்தாலும் வராது. பெட்டியை அணைத்து, பொறுத்து, மீண்டும் போட வேண்டும். அதற்குள் மழையில் பெண்கள் காத்து நிற்க முடியாது. கைத்தராசைத் தூக்கி வருவார்கள். பழைய கழிவும் கூடவே வந்துவிடும்.

லயத்தில் பேச்சு எழுந்தது. தொரை சொல்லி இவள்தான் பெட்டியை நிறுத்துகிறாள், எங்கள் கிலோவை வெட்டுவதற்கு இவளை வைத்திருக்கிறார்கள் என்றார்கள். பங்களாவில் நேர்மாறாகப் பேசினார்கள். பெட்டி நின்றால் கிலோவைக் கையால் எழுத வேண்டும், அப்போது தாய்க்கும் சொந்தக்காரருக்கும் கூட்டிப் போடலாம், அதற்காக நிறுத்துகிறாள் என்று தோட்ட நிர்வாகியான பெரிய தொரை முடிவே கட்டிவிட்டார். மேலேயும் இடி, கீழேயும் இடி. லூர்துமேரியோடு கொழுந்து எடுக்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை விசாரணை என்று ஜெசிந்தாவுக்கு அறிவித்தாயிற்று. வேலை போனால் அதோடு முடியாது. திருடி என்ற பெயரோடு அதே லயத்தில் இருக்க வேண்டும்.

நான் ஏற்கனவே போய் மின்சார இணைப்பை மாற்றினேன். கம்பியை மாற்றினேன். ஈரம் புகாமல் பெட்டிக்கு உறை போட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. தராசு விற்றவர்களைக் கேட்டால் பாவிக்கிறவரின் பிழை என்றார்கள். விற்றவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

விசாரணைக்கு முன் வந்த வியாழக்கிழமை மறுபடி போனேன். மடுவத்தில் ஒரு மூலையில் நின்று, ஒன்றையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா என்னைப் பார்த்து, "நான் கைய எங்க வைக்கிறேன்னு நல்லாப் பாத்துக்குங்க அண்ணே," என்றாள். முகத்தில் தூக்கமே இல்லை.

"ஒன்னப் பாக்க வரல பிள்ள. பெட்டியப் பாக்க வந்திருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பாக்குறது என்னையத்தான்."

பாதி வரிசை நிறுத்து முடிந்தது. அப்போது பெட்டியின் பின்பக்கம், நெட்வேர்க் கம்பி செருகும் இடத்தில் இருக்கும் சின்ன விளக்கு வெறி பிடித்ததுபோல மின்னத் தொடங்கியது. அதற்கு முன் சோம்பேறித்தனமாக மின்னிக்கொண்டிருந்த விளக்கு அது. கொஞ்ச நேரத்தில் திரை உறைந்தது. ஜெசிந்தா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினாள். பொலிஸ்காரனுக்குக் காட்டுவதுபோல. வரிசையில் ஒரு கிழவி, "பாரு, நாடகம்," என்றது என் காதில் விழுந்தது.

விளக்கு அப்படி மின்னினால் ஒன்றுதான் அர்த்தம். கம்பி வழியாக யாரோ பெட்டியின் கதவைத் தட்டுகிறார்கள். மடுவத்துக்கு வெளியே ஓடி, கைபேசியில் சபாநாதன் சேரை அழைத்தேன்.

"சேர், இப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?"

"வழமையான வேலைதான். கொழும்புக்குப் படம் எடுக்கிறன். ஏன்?"

நடந்ததைச் சொன்னேன். போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்து, ஜெசிந்தாவிடம் பெட்டியை மீண்டும் போடச் சொன்னேன். அது உயிர் வந்ததும், "சேர், இப்ப மறுபடி அமுக்குங்க," என்றேன். விளக்கு வெறி பிடித்தது. திரை உறைந்தது. மூன்றாம் தடவை மெல்லிய சோதனையை வைத்து அமுக்கச் சொன்னேன். பெட்டி ஒன்றுமே நடக்காததுபோலக் கிலோ சொல்லிக்கொண்டிருந்தது. மெல்லத் தட்டினால் தாங்கும் பெட்டி, உள்ளே புகுந்து விசாரித்தால் மயங்கி விழுகிறது. கிலோ அனுப்ப மட்டும் தெரிந்த பெட்டியிடம் அத்தனை கேள்வி கேட்டால் அது என்ன செய்யும்?

போனில் கடதாசி புரளும் சத்தம் கேட்டது. பிறகு சேர் அந்தக் கட்டளையை வாசித்தார். ஜன்னலின் பெட்டி எழுதி வைத்திருந்ததை, ஒவ்வோர் எழுத்தாக, அது என்ன கேட்கிறது என்று விளக்கத்தோடு. எனக்கல்ல, தனக்கே வாசித்தார்.

"இவ்வளவையும் நான் ஒவ்வொரு வியாழனும் கேட்டிருக்கிறன்," என்றார். "ஒருநாளும் வாசிக்கேல்லை."

பின்னேரம் அவர் பெரிய தொரையுடன் பேசினார். தொரை உடனே ஒத்துக்கொண்டார். விசாரணை இல்லை, அந்தப் பெண் வேலை செய்யலாம். ஆனால் லயத்துக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை; பெட்டி பழுது, திருத்தியாயிற்று என்றால் போதும். கம்பனியின் பிழையால் கைத்தராசில் நிறுத்தார்கள் என்று தெரிந்தால் தொழிற்சங்கத்துக்காரர்கள் பழைய நிறுவையையெல்லாம் கிளறுவார்கள் என்றாராம். சேர் இதை எனக்குச் சொல்லிவிட்டு, "நாளைக்கு எத்தினை மணிக்கு முதல் பஸ்?" என்று கேட்டார்.

அப்போது அவர் ஓய்வு வயதைத் தாண்டி, வருடா வருடம் கிடைக்கும் நீடிப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். அதை நினைவுபடுத்தினேன். "தெரியும்," என்றார். அடுத்த தடவை அவருக்கு நீடிப்புக் கிடைக்கவில்லை. காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஸ்கேனுக்கு முன் தோட்டத்தைக் கேட்க வேண்டும் என்ற அந்த விதியை எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்.

வெள்ளிக்கிழமை காலை நிறுவைக்கு அவர் மடுவத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான், முழங்காலுக்குக் கீழே சேறு. தொரை வரவில்லை. தோட்டக் காரியாலயத்தின் பெரிய கிளாக்கர் தூரத்தில் நின்றுகொண்டு, கேட்காதவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். சேர் பெண்களின் வரிசைக்கு முன்னால் போய் நின்றார்.

"எல்லாரும் ஒருக்கா கேளுங்கோ. இந்தப் பெட்டி நிண்டதுக்கு இந்தப் பிள்ளை காரணமில்லை. பிழை எங்கட கந்தோரில. நான்தான் பதுளையில இருந்து செய்த பிழை. எனக்கே தெரியாமல் செய்திருக்கிறன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ஐயா பேசுறது வெளங்கலைங்க," என்றாள் ஒருத்தி. சேர் என்னைப் பார்த்தார். நான் எங்கள் பேச்சில் சொன்னேன்.

"பெட்டி நின்னதுக்கு ஜெசிந்தா காரணம் இல்லீங்க. பதுளை ஆபீசுல ஐயா ஒரு பொத்தான அமுக்குனா, இங்க பெட்டி நின்னு போகுது. வியாழக்கெழம வியாழக்கெழம அதுதான் நடந்திருக்கு. அவ ஒன்னும் செய்யல. தொரையும் அவகிட்ட ஒன்னும் சொல்லல."

முந்தின நாள் நாடகம் என்று சொன்ன கிழவி முன்னால் வந்தார்.

"தெரியாமப் பேசிப்புட்டோம் பிள்ள. மனசுல வச்சுக்காத."

ஜெசிந்தா தராசுப் பக்கம் திரும்பினாள். "சாக்க வைங்க," என்றாள். நிறுவை தொடங்கியது. ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பெட்டி ஒருதடவைகூட நிற்கவில்லை. வரிசையின் கடைசியில் லூர்துமேரி. தன் சாக்கை வைத்தார், மகள் கிலோவைச் சொன்னாள், சாக்கை இறக்கிக் கொழுந்தைக் கொட்டினார்.

எல்லாம் முடிந்ததும் ஜெசிந்தா திரையைத் துடைத்தாள். உறையைப் போட்டாள். சாவியைக் கொண்டுபோய்ப் பெரிய கிளாக்கரின் கையில் கொடுத்தாள். மாதக் கடைசியோடு நிற்கிறேன், கொழும்பில் ஒரு கடையில் இடம் இருக்கிறது என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதற்காகவா இவ்வளவு அலைந்தோம் என்று கோபம்கூட வந்தது. சேர் அவளிடம் போனார்.

"ஏன் பிள்ளை, எல்லாம் சரி வந்திட்டுதே? உம்மில பிழையில்லை எண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"ஆமாங்க சேர். பெட்டி ஏன் நின்னுச்சுன்னு நீங்க மழையில வந்து சொல்லிட்டீங்க. சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "ஆனா நான் நிறுத்தலன்னு நானே சொன்னேனே சேர். அத்தன வாரமும் சொன்னேன். என்கூடப் பொறந்து வளந்தவுங்க ஒருத்தர்கூட நம்பல. வீட்டுல அடுப்புக்கிட்ட ஒக்காந்துகிட்டு, உண்மையச் சொல்லிரு பிள்ள, நீதானேன்னு எங்கம்மா கேட்டுச்சு. இனி இவங்க சாக்க நான் எப்படி நிறுக்கிறது?"

பத்தடி தள்ளி நின்ற லூர்துமேரிக்கு அது கேட்டது. கேட்காததுபோல அவர் முகத்தை வைத்துக்கொள்ளவும் இல்லை. மகளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மலையிலிருந்து கங்காணி கூப்பிட்டார். பகல் நிறுவைக்குக் கொழுந்து எடுக்க வேண்டும். லூர்துமேரி வெறும் சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மலையேறிப் போனார்.